எஸ்.கியூ.எல்லா, சீக்வெல்லா: தமிழில் எழுத உட்கார்ந்தால் எதை எடுப்பது?

தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் சாயங்கால வகுப்பு நடத்துகிறோம். சொல்லிக்கொடுப்பது மூன்று பேர், படிக்க வருவது முப்பது பேருக்குள். பாலக்கோடு, பென்னாகரம், மொரப்பூர், காரிமங்கலம் என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரிக்குப் போனதும் திடீரென்று ஆங்கிலத்துக்குள் விழுந்தவர்கள். இவர்களுக்காக டேட்டாபேஸ் (தகவல்களைச் சேர்த்துவைத்துத் தேடி எடுக்கிற ஏற்பாடு) பாடத்தைத் தமிழில் ஒரு சின்னக் கையேடாகப் போடலாம் என்று போன ஆடியில் முடிவு செய்தோம். எழுபது எண்பது பக்கம், ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. முதல் பக்கத்து முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கிற அந்த மொழியின் பெயரை எப்படி எழுதுவது? எஸ்.கியூ.எல் என்றா, சீக்வெல் என்றா?

ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மூன்று பெரிய எழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். படிக்கிறவர் மனசுக்குள் எப்படிச் சொல்லிக்கொண்டாலும் எழுதியவருக்கு அதில் பங்கில்லை. (ஓர் இடத்தில் மட்டும் அவரும் மாட்டுவார். அந்தப் பெயருக்கு முன்னால் 'எ' போட்டால் சீக்வெல் கட்சி, 'ஆன்' போட்டால் எழுத்தெழுத்தாகச் சொல்கிற கட்சி.) தமிழில் நாம் எழுதுவதே ஒலியைத்தான். பேனாவை வைத்ததுமே எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். நடுவில் நிற்கலாம் என்றால் இடமே இல்லை.

எங்கள் மூன்று பேரில் ஒருவர் பாலிடெக்னிக்கில் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரை சார் என்போம். இன்னொருவர் பெங்களூரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர். மூன்றாவது நான். வாய்க்கு வந்ததைச் சொல்கிற ரகம். வகுப்பில் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்லியிருக்கிறேன் என்று பிள்ளைகள் பிற்பாடு சொன்னார்கள்.

"பெங்களூர்ல எஸ்.கியூ.எல்னு சொன்னா, புதுசா வந்தவன்னு கண்டுபிடிச்சிருவாங்க சார்" என்று ஆரம்பித்தார் நண்பர்.

"ஸ்டாண்டர்டை எடுத்துப் பாருங்க தம்பி. உங்க பெங்களூரா அதை எழுதுச்சு?" என்றார் சார்.

சரி, எடுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். பார்க்கப் பார்க்க இரண்டு பேருக்கும் ஆதாரம் கிடைத்துக்கொண்டே போனதுதான் வேடிக்கை.

கதை ஐ.பி.எம் நிறுவனத்தில் தொடங்குகிறது. 1970-இல் அங்கிருந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணை அட்டவணையாக வைத்துக்கொள்ளும் ரிலேஷனல் முறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கு மொழி செய்ய உட்கார்ந்தவர்கள் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும். முதலில் செய்ததற்கு ஸ்கொயர் என்று பெயர். மேலும் கீழுமாகச் சின்ன எழுத்துகள் தொங்கும் கணக்குப் பாஷை அது, கீபோர்டில் அடிப்பதே பெரும்பாடு. அதைத் தள்ளிவைத்துவிட்டு, ஆங்கில வாக்கியம் போலவே படிக்கக்கூடிய இன்னொன்றைச் செய்து 1974-இல் வெளியிட்டார்கள். ஸ்ட்ரக்சர்டு இங்கிலீஷ் கொயரி லாங்வேஜ் என்பதைச் சுருக்கி அதற்குச் சீக்வெல் என்று பெயர் வைத்தார்கள். உயிரெழுத்துகளோடு, ஆறு எழுத்தில், வாயால் சொல்வதற்கென்றே வைத்த பெயர்.

அப்புறம் தெரியவந்தது, பிரிட்டனில் ஹாக்கர் சிட்லி என்ற விமான நிறுவனம் அந்தப் பெயரை ஏற்கெனவே தன் வணிகக்குறியாகப் பதிந்து வைத்திருக்கிறது என்று. வம்பு வேண்டாமென்று உயிரெழுத்துகளைக் கழற்றிவிட்டு எஸ்.கியூ.எல் ஆக்கினார்கள். 1986-இல் அமெரிக்கத் தர அமைப்பும் 1987-இல் சர்வதேசத் தர அமைப்பும் இந்த மொழியை ஏற்றுக்கொண்டபோது மூன்றெழுத்துதான் பெயர்.

அதாவது பெயர் மாறியது சட்டத்துக்குப் பயந்து. வாய்க்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. அது பழையதையே சொல்லிக்கொண்டிருந்தது.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாடு மின்சார வாரியம் 2010-இல் பிரிந்து டான்ஜெட்கோ வந்தது. அதற்கப்புறமும் பெயர்கள் மாறியாயிற்று. கரண்ட் போனால் நம் ஊரில் யாராவது டான்ஜெட்கோவுக்குப் போன் போட்டதாகக் கேட்டிருக்கிறீர்களா? 'ஈ.பி.க்குச் சொல்லுங்க'தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். இன்னமும் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெரியவர்கள் தர்மபுரி மாவட்டம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். இவ்வளவு ஏன், எங்கள் ஊர்ப் பெயரையே அரசு தருமபுரி என்று எழுதுகிறது. கண்டக்டர் கூவுவதும் நான் இங்கே எழுதுவதும் தர்மபுரி. ஓசூர்க்காரர்கள் பாடு இன்னும் மோசம். ஓசூர், ஒசூர், ஹோசூர் மூன்றும் போர்டுகளில் உண்டு. கன்னடக்காரர் வாயில் அது ஹொசூரு, புது ஊர். இப்படி ஒரு மண்ணிலிருந்துகொண்டு மூன்று எழுத்துக்குச் சண்டை போட எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்றே ஒரு கட்டத்தில் தோன்றியது.

நண்பர் விடவில்லை. ஆரக்கிள் நிறுவனத்தின் டேட்டாபேஸ் விளக்க ஏட்டைக் காட்டினார். அதில் இந்தப் பெயரைச் சீக்வெல் என்று உச்சரிக்க வேண்டும் என்றே போட்டிருக்கிறது. சார் பதிலுக்கு மை எஸ்.கியூ.எல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளின் ஏட்டை எடுத்தார். அதில் எழுத்தெழுத்தாகச் சொல்வதுதான் முறை, 'மை சீக்வெல்' அல்ல என்று இருக்கிறது. கையோடு, அப்படிச் சொன்னாலும் உங்கள் ஊர் வழக்கப்படி வேறு எப்படிச் சொன்னாலும் நாங்கள் வருத்தப்பட மாட்டோம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், மை எஸ்.கியூ.எல்லை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010-இல் வாங்கியதிலிருந்து அதுவும் ஆரக்கிளின் சொத்து. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மாதிரி சொல்கிறார், தம்பி ஒரு மாதிரி.

மற்றவர்களும் ஒத்துப்போகவில்லை. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் ஆட்கள் அதைப் 'போஸ்ட்கிரஸ் கியூ எல்' என்கிறார்கள். அங்கே எஸ் என்ற எழுத்து முன் பாதியோடு ஒட்டிக்கொள்ள, கியூவும் எல்லும் தனியாக நிற்கின்றன. நம் போன்களுக்குள் உட்கார்ந்திருக்கும் எஸ்.கியூ.லைட் என்ற டேட்டாபேஸைச் செய்த ரிச்சர்ட் ஹிப், 'எஸ்-கியூ-எல்-ஐட்' என்று ஏதோ பாறையின் பெயர் போலச் சொல்கிறார். கிரானைட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

செய்தவர் சொல்வதுதான் சரி என்று வைத்துக்கொண்டால் விவகாரம் முடிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது என்பதற்கு ஜி.ஐ.எஃப் என்கிற அசையும் படங்களின் கதை இருக்கிறது. 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் அந்தப் பட வடிவத்தைச் செய்தவர் ஸ்டீவ் வில்ஹைட். அவர் கடைசிவரை 'ஜிஃப்' என்றே சொன்னார். 2013-இல் வெபி விருது வாங்கிய மேடையில்கூட, பேச்சுக்குப் பதிலாக அதை எழுதித் திரையில் ஓடவிட்டார். உலகம் என்ன செய்தது? பாதிப் பேர் இன்னும் 'கிஃப்' என்கிறார்கள். பி.என்.ஜி படங்களுக்கு அவற்றின் வரையறையிலேயே 'பிங்' என்று சொல்லுங்கள் என எழுதிவைத்தார்கள். அச்சாபீஸில் போய் 'ஒரு பிங் ஃபைல் அனுப்பறேன்' என்று சொல்லிப் பாருங்கள், என்ன அனுப்பப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஆகவே யார் சரி என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, யாருக்கு எது உதவும் என்று பார்ப்பது என முடிவு செய்தோம். அந்த இடத்துக்கு வர எங்களுக்கு இரண்டு சாயங்காலமும் எட்டு டீயும் ஆனது.

பெங்களூர் நண்பரின் பக்கத்தில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை, எங்கள் பழைய மாணவர் ஒருவர் சொன்னார். கல்லூரி முடித்ததும் பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்குப் போனில் இன்டர்வியூ கொடுத்திருக்கிறார். எதிர்முனையில் இருந்தவர் வேகமான ஆங்கிலத்தில், சீக்வெல் எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்டிருக்கிறார். நம் பையன் ஒரு விநாடி யோசித்துவிட்டு, அது மட்டும் எங்களுக்கு நடத்தவில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டார். பிளஸ் டூ கணினி அறிவியலில் தனிப் பாடமாகப் படித்து, கல்லூரியில் படித்து, எங்களிடம் ஆறு மாதம், அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைக்கிற கட்டளையை ஜாயின் ஜாயினாகப் போட்டுப் பழகிய ஆள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு பதிலால்தான் போனது என்று சொல்ல முடியாது. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

"சார், சீக்வெல்னா சினிமாவுக்கு ரெண்டாம் பாகம் வருமே, அதைத்தானே சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

தவறு அவருடையது அல்ல. அந்த மொழி இரண்டு பெயரில் உலாத்துகிறது என்று நாங்கள் சொல்லவே இல்லை. தர்மபுரியிலிருந்து ரயில் ஏறினால் ஓசூர் தாண்டிப் பெங்களூர். பிள்ளைகள் வேலைக்குப் போவது பெரும்பாலும் அந்தத் திசையில்தான். அங்கே காதில் விழுவது சீக்வெல். ஆக, காதுக்கு அந்தச் சொல் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கையேடு காதுக்கா? நாங்கள் எழுதுவது கண்ணுக்கு. அந்தக் கண் அடுத்த நிமிஷம் திரையைப் பார்க்கும், விரல் கீபோர்டில் அடிக்கும். திரையில் சீக்வெல் என்று எங்கேயும் இருக்காது. ஃபைல் பெயருக்கு வாலாக வருவது எஸ், கியூ, எல். கருப்புத் திரையில் மென்பொருளைத் திறக்க அடிப்பதும் எம், ஒய், எஸ், கியூ, எல். வேலை விளம்பரத்தில் இருப்பதும் அந்த மூன்றெழுத்துதான். 'எஸ்.கியூ.எல்' என்று தமிழில் படித்த பிள்ளை, அந்தத் தமிழிலிருந்து திரும்பி ஆங்கில எழுத்துக்கு நடந்து போய்விட முடியும். பாலம் அதிலேயே இருக்கிறது. 'சீக்வெல்' என்று படித்த பிள்ளைக்கு அந்தப் பாலம் கிடையாது.

இதை வெறும் வாதமாகச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்தோம். புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேரிடம் ஒன்றும் விளக்காமல் இரண்டு சொல்லையும் வாயால் சொல்லி, தமிழில் எழுதச் சொன்னேன். எட்டுப் பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்று சார் முன்கூட்டியே எச்சரித்தார், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். சீக்வெல்லை சீக்வல், சீக்வெல், சீக்குவல், சீக்குவெல், சீக்வேல் என்று ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள். பாலக்கோட்டுப் பையன் ஒருவர் நிதானமாக 'சீக்கு வெல்லம்' என்று எழுதிவைத்திருந்தார். கரும்பு வட்டாரத்துக்காரர், அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. எழுத்தெழுத்தாகச் சொன்னதிலும் வித்தியாசம் இருந்தது. எஸ் கியூ எல், எஸ்க்யூஎல், ஒருவர் யெஸ் கியூ யெல். ஆனால் எல்லாருடையதும் அதே மூன்று ஆங்கில எழுத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது இந்தப் பக்கம் எட்டுக்கு எட்டு சரி. சீக்வெல்லுக்கு ஒருவர்கூட அந்த மூன்றெழுத்தை எழுதவில்லை. எழுத வேண்டிய காரணமும் அவர்களுக்கு இல்லை.

போதாததற்குச் சீக்கு என்ற சொல் வேறு குறுக்கே வருகிறது. நம் பக்கத்தில் சீக்கு வந்த கோழிக்கு இருக்கிற மதிப்புத்தான் அந்தச் சொல்லுக்கும். நண்பர் 'சீக்வெல் படிக்கலாம்' என்று ஆரம்பித்தாலே பின்பெஞ்சில் இரண்டு பேர் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும் என்பார் அவர். இரண்டு மாதம் ஆகியும் பழகவில்லை என்பது என் கணக்கு.

எஸ்.கியூ.எல் பக்கத்திலும் ஓட்டைகள் உண்டு. நம் வாயில் எஸ் என்ற எழுத்து யெஸ் ஆகிவிடுகிறது. எல்லும் யெல். போனில் 'யெஸ் கியூ யெல்' என்றால் முதல் எழுத்தை ஆமாம் என்று எடுத்துக்கொள்கிற ஆபத்து இருக்கிறது. நீளமும் கூட. சீக்வெல் இரண்டே அசை, வேகமாகப் பேசுகிறவருக்கு வசதி. ஒரு மணி நேர வகுப்பில் நாற்பது தடவை சொல்ல வேண்டிய பெயர் என்றால் இந்த வசதி சாதாரணமானது இல்லை. நண்பர் வாய் மாறாததற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து வேற்றுமை உருபு. தமிழில் பெயரை எழுதிவிட்டால் ஆயிற்றா? அதன் வாலில் ஐ, இல், உக்கு எல்லாம் ஒட்ட வேண்டும். எல் என்பது குறிலும் ஒற்றும் மட்டும் என்பதால் ஐ சேர்ந்தால் எல்லை. 'எஸ்.கியூ.எல்லை எப்படிப் பயன்படுத்துவது' என்று ஒரு தலைப்பு எழுதினேன். கர்நாடக எல்லையைப் பற்றிய பாடமா என்று சார் கேட்டார். மறுபக்கம் சீக்வல் என்று எழுதினால் சீக்வலை ஆகி, உள்ளே ஒரு வலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. சீக்வேல் என்று எழுதினால் முருகன். இதற்கு வழி இருக்கிறது. உருபைப் பெயரில் ஒட்டாமல், 'எஸ்.கியூ.எல் மொழியை', 'எஸ்.கியூ.எல் மொழியில்' என்று மொழி என்ற சொல்லின் முதுகில் ஏற்றிவிடலாம். கொஞ்சம் நீளும். ஆனால் முதல்முறை படிக்கிறவருக்கு இது ஒரு மொழி என்பதும் ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வரும். கையேடு முழுக்க இப்படித்தான் எழுதியிருக்கிறோம். பேச்சுநடையில் எழுதுகிற இந்தக் கட்டுரையில் நான் அதைக் கடைப்பிடிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் பேசப்பட்டது. பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடுவது. நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் அப்படித்தான் செய்கின்றன. சண்டைக்கும் வேலை இல்லை, திரையில் இருப்பதும் அதேதான். கட்டளைகளை எப்படியும் ஆங்கில எழுத்தில்தான் அச்சிட வேண்டும், அப்படியிருக்கப் பெயரை மட்டும் ஏன் தமிழாக்க வேண்டும் என்பது நல்ல கேள்விதான். எனக்கும் முதலில் இதில்தான் சாய்வு. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தப் பையனை இன்டர்வியூவில் கவிழ்த்தது இந்த மௌனம்தான். மூன்றெழுத்தை வாய் திறக்காமல் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனால், அதை எப்படிச் சொல்வது என்று பிள்ளைக்கு யார் சொல்வது? ஆங்கிலப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும் நகரத்துப் பிள்ளைக்கு அது தானாக வந்துவிடும். அரூர் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைக்குப் புத்தகம்தான் காது. ஒலியை எழுதுகிற எழுத்து கையில் இருக்கும்போது அதை ஒளித்துவைப்பது அந்தப் பிள்ளைக்கு நஷ்டம்.

தமிழிலேயே பெயர் வைத்துவிடலாம் என்பது நான்காவது. கட்டமைப்பு வினவல் மொழி என்பது அழகான பெயர், பொருளும் உடனே விளங்கும். விளக்கம் சொல்லும் இடத்தில் எழுதியிருக்கிறோம். ஆனால் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது உதவாது. அதையும் சுருக்கி க.வி.மொ. ஆக்கலாமே என்று நண்பர் கிண்டலாகச் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எல்லாச் சுருக்கத்துக்கும் இதே தீர்ப்புத்தானா என்றால், இல்லை. ஓசூர் தொழிற்சாலைகளுக்குப் போகிற பிள்ளைகளுக்கு, இயந்திரங்களைத் தானாக இயக்குகிற சி.என்.சி.யும் பி.எல்.சி.யும் எழுத்தெழுத்தாகத்தான். அவற்றை யாரும் சொல்லாக்க முயன்றதே இல்லை, முயன்றாலும் வாய்க்குள் நுழையாது. அதே ஷிஃப்ட்டில், அதே இயந்திரத்துக்கு மேல் இருக்கிற கண்காணிப்புத் திரைக்கு மட்டும் ஸ்காடா என்பார்கள். சிலர் ஸ்கேடா. எஸ்.சி.ஏ.டி.ஏ என்று இழுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. சிப்காட், சிட்கோ, எல்காட், டாஸ்மாக் எல்லாம் நமக்குச் சொற்கள். டி.என்.பி.எஸ்.சி எழுத்துகள். உள்ளே உயிரெழுத்து சரியான இடத்தில் விழுந்தால் வாய் அதைச் சொல்லாக்கிவிடுகிறது, விழாவிட்டால் எழுத்தாகவே விடுகிறது. இந்தக் கணக்குப்படி எஸ்.கியூ.எல் இரண்டாவது வரிசையில் நிற்க வேண்டியது. பழைய பெயரிலிருந்து உதிர்ந்த உயிரெழுத்துகளை வாய் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் இவ்வளவு கூத்தும்.

சொல்லாகச் சொல்கிறவற்றில் தமிழ் எழுத்துக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. கணினியில் வரைபடம் போடுகிற கேட் மென்பொருளையும், பொறியியல் முடித்தவர்கள் எழுதுகிற கேட் தேர்வையும், தொழிற்சாலை வாசலில் இருக்கிற கேட்டையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். 'தம்பி கேட் படிக்கிறான்' என்றால் எந்தக் கேட்? ஓசூரில் அதற்காகவே 'கேட்-கேம்' என்று ஜோடியாகச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். எழுத்தெழுத்தாகச் சொல்கிற பெயரில் இந்தக் குழப்பம் வராது. சார் தன் வாதத்துக்கு இதையும் சேர்த்துக்கொண்டார், நான் தடுக்கவில்லை.

முடிவில் கையேட்டில் எஸ்.கியூ.எல் என்றே போனோம். எழுத்துகளுக்கு நடுவில் புள்ளி உண்டு, கடைசியில் கிடையாது. கியூவைக் க்யூ என்று எழுதுவதா என்பதற்கும் ஒரு சின்னத் தகராறு வந்தது. ரேஷன் கடையில் நின்ற அனுபவத்தில் எல்லாருக்கும் தெரிந்த கியூவே இருக்கட்டும் என்று விட்டோம். நிறுவனங்களின் பொருள்களையும் இதே வழியில் மை எஸ்.கியூ.எல், எஸ்.கியூ.எல் சர்வர் என்று எழுதினோம். பின்னதைச் சீக்வெல் சர்வர் என்று சொல்லாதவரைப் பெங்களூரில் தேடிப் பிடிக்க வேண்டும் என்று நண்பர் சொன்னார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு புத்தகத்துக்குள் ஒரே பெயர் இரண்டு வேஷம் போட்டால் புதுசாகப் படிக்கிறவர் அவற்றை இரண்டு பொருள் என்று நினைத்துக்கொள்வார்.

அதற்குப் பதிலாக, முதல் பக்கத்தில் முதல் வரிக்கு அடுத்ததாக ஒரு பெட்டி போட்டோம். இந்த மொழியைச் சீக்வெல் என்றும் சொல்வார்கள், இன்டர்வியூவில் அப்படித்தான் கேட்கப் பெரிதும் வாய்ப்பு இருக்கிறது, சினிமா இரண்டாம் பாகம் என்று நினைத்துவிடாதீர்கள் என்று நாலு வரி. கூடவே, எதிரில் இருக்கிறவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே நீங்களும் சொல்லிவிட்டுப் போங்கள், அவரைத் திருத்தப் போகாதீர்கள் என்றும். இந்தப் பெட்டியை எழுதியவர் சார். அவர் எழுதியதிலேயே அந்த நாலு வரிக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

வகுப்பில் நண்பர் சீக்வெல் என்றும் சார் எஸ்.கியூ.எல் என்றும் சொல்வது அப்படியே தொடர்கிறது. அதை மாற்ற வேண்டாம் என்பது என் யோசனைதான். இரண்டு ஒலியும் ஒரே வாரத்தில் காதில் விழுந்தால் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. உங்கள் ஊரில் ஒரே ஆள்தான் நடத்துகிறார் என்றால், அவர் முதல் வகுப்பில் இரண்டையும் சொல்லி, பலகையில் மூன்றெழுத்தையும் எழுதிக் காட்டிவிட்டு, அப்புறம் தன் வாய்க்கு வந்ததைச் சொல்லட்டும். வீடியோ போடுகிறவராக இருந்தால் பேச்சில் எதுவாகவும் இருக்கலாம். தலைப்பில் மட்டும் எழுத்தெழுத்தாகப் போடுங்கள், தேடுகிறவர் அதை வைத்துத்தான் தேடுவார்.

கையேட்டின் கடைசிப் பாடம் மட்டும் பாக்கி. அட்டவணை முறையே வேண்டாம் என்று கிளம்பிய நோ-எஸ்.கியூ.எல் வகை டேட்டாபேஸ்களைப் பற்றியது. அதை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருப்பவர் பெங்களூர் நண்பர். தலைப்பு என்ன வைத்திருக்கிறார் என்று இன்னும் காட்டவில்லை.